சுத்தமான சத்தம்

"என் பழைய தட்டைத் திருப்பிக் குடு, தம்பி. இந்தப் பெட்டியை நீயே வச்சுக்கோ."

நெவில் ஹிக்மன் பெட்டியைத் தொம்மென்று மேஜையில் வைத்தார். அயர்ன் ஹெரன் குழு ஐம்பது வருஷமாக வாசித்துப் பாடியது மொத்தமும் அதற்குள் இருந்தது. இசைத்தட்டுகள், தடிமனான படப் புத்தகம், சுவரொட்டி, எல்லாம். தூக்கி வந்ததில் பெரியவருக்கு மூச்சு வாங்கியது.

டங்கனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. டட்லி ஊரில் இன்னும் இழுத்து மூடாத ஒரே ரெக்கார்டு கடை அவனுடையது. பழைய தட்டு கொண்டு வந்தால் புதுப் பெட்டிக்குத் தள்ளுபடி என்று எழுதிப் போட்டதும் அவன்தான். இப்போது ஆளாளுக்கு வந்து கழுத்தறுக்கிறார்கள்.

"பிரிச்ச பெட்டியைத் திருப்பி வாங்கறதில்ல, பெரியவரே. என்ன குறை இதுல?"

"சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்கு."

டங்கன் சிரித்தே விட்டான். மூலையில் உட்கார்ந்து ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜோஸியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இப்படி ஒரு புகாரை இன்னிக்குத்தான் கேக்கறேன். நீங்க குடுத்தது என்ன? எவனோ கூட்டத்துல நின்னு, கோட்டுக்குள்ள டேப் ரெக்கார்டரை ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணின திருட்டுத் தட்டு. உறையில பேரு கூடக் கிடையாது. கீறல் வேற, கரகரன்னு. அதே வுல்வர்ஹாம்ப்டன் கச்சேரி இந்தப் பெட்டியில பளிங்கு மாதிரி இருக்கே!"

"அதை நம்பித்தான் குடுத்தேன். ஆனா இதுல கூட்டம் இல்லையே, தம்பி."

"எப்படி இருக்கும்? இது மேடை மைக்குல இருந்து நேரா எடுத்தது. பாட்டைக் கேக்கணுமா, கண்டவன் கத்தறதைக் கேக்கணுமா?"

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கண்டவன் இல்ல. என் தம்பி பேரி."

டங்கனின் சிரிப்பு நின்றது.

"மூணாவது பாட்டு முடிஞ்சதும் கத்துவான். 'சத்தமா பாடுங்கடா! எங்க அம்மா திட்டறதே இதைவிட நல்லாக் கேக்கும்!'னு. அப்புறம் ஒரு சிரிப்பு. அன்னிக்குக் கச்சேரி முடிஞ்சு பைக்ல கிளம்பினவன் வீடு வந்து சேரலை."

பெரியவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"அடுத்த வருஷம் சந்தையில அந்தத் தட்டு கிடைச்சுது. வீட்டுல போட்டா, அவன் குரல்! அம்மா அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. கண்ணை மூடற வரைக்கும் தினம் அதைப் போட்டுக் கேட்டாங்க. எந்தப் பக்கம்னு தெரியறதுக்காக நடுவுல நெயில் பாலிஷால ஒரு சிவப்புப் பொட்டு வச்சது அவங்கதான். அவன் குரல் வேற எதுலயும் இல்ல, தம்பி. புதுசுல இன்னும் தெளிவாக் கேக்கும்னு நினைச்சுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

ஜோஸி கையிலிருந்த பசை டப்பா தரையில் உருண்டது. அவள் பார்வை டங்கனின் தோளுக்குப் பின்னால் சுவருக்குப் போய் அங்கேயே நின்றது.

டங்கன் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கத் தேவையும் இல்லை. விலைபோகாத தட்டுகளை ஜோஸியிடம் கொடுப்பது அவன் வழக்கம். சூடு காட்டி ஓரத்தை அலையலையாக வளைத்து, நடுவில் முள் வைத்துக் கடிகாரமாக்கி விடுவாள். போன வாரம் செய்ததில் அந்தச் சிவப்புப் பொட்டு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி, ஆணியடித்து மாட்டியது அவனேதான். இனி அதை எந்த ஊசியாலும் பாட வைக்க முடியாது.

அவன் மெல்ல ஓரடி நகர்ந்து, சுவரை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அது... வித்துப் போச்சு, பெரியவரே."

"ஐயோ. யாரு வாங்கினது?"

"வெளியூர்க்காரர். பழைய கச்சேரின்னா பைத்தியம். தினம் போட்டுக் கேப்பேன்னு சொன்னார்." நாக்கு அது பாட்டுக்குப் பொய்யை அடுக்கியது.

"பத்திரமா வச்சுப்பாரா?"

"கண்ணுல ஒத்திக்கிட்டுல்ல எடுத்துட்டுப் போனார்!"

நெவில் தலையை ஆட்டினார்.

"சரி. எங்கயோ ஒரு வீட்டுல பேரி கத்திக்கிட்டு இருக்கான். அது போதும்."

ஜோஸி எழுந்து உள்ளே ஓடினாள். அவள் விசும்புவது திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

பெரியவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். 'அப்பாடா, தப்பித்தோம்' என்று நினைத்தான் டங்கன். நினைத்த மாத்திரத்தில் தன்மீதே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"பெரியவரே, உங்க பெட்டி..."

நெவில் கதவைப் பிடித்தபடி நின்றார். 

"முதல்ல உள்ள போய் அந்தப் பொண்ணைத் தேத்து. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நீ மறைக்கறதுக்கு முன்னாடியே அந்தச் சிவப்புப் பொட்டை நான் பார்த்துட்டேன்."

டங்கன் சுவரை விட்டு விலகினான்.

"பெட்டியை நீயே வச்சுக்கோ, தம்பி. அதுக்குப் பதிலா அந்தக் கடிகாரத்தைக் கழட்டிக் குடு."