வளையல் துண்டுகள்

விவாகரத்துக்குப் பிறகு முதல் முறையாக இளஞ்செழியன் வசுமதியின் கண்ணாடிப் பட்டறைக்கு வந்தான். அவன் அடுத்துக் கட்டப்போகும் பெண்ணுக்கு ஒரு கண்ணாடிப் பதக்கம் வேண்டுமாம்.

"நம்ம கல்யாணத்துக்கு நீ செஞ்சு போட்டுக்கிட்டியே, அதே மாதிரி. உள்ள பச்சை வளையல் துண்டு வெச்சு."

அவள் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வளையல் கண்ணாடி வேற, இது வேற. சூட்டுல ரெண்டும் ஒட்டிக்கும். ஆறுறப்போ ஒண்ணு அதிகமாச் சுருங்கும், ஒண்ணு கம்மியா. என்னைக்காவது தானா விரிசல் விட்டுடும். என்னோடது அப்படித்தான் போச்சு."

அவளுடைய பதக்கம் ஒரு மதியம், அவள் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, கழுத்திலேயே டிக்கென்று விரிந்தது. எதில் இடித்து உடைத்தாய் என்று அன்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அவனும் கேட்டான்.

"வயித்தெரிச்சல்ல பேசாத வசு," என்று இப்போது சிரித்தான். "ஒழுங்கா செஞ்சா ஏன் விரியப்போகுது?"

அவன் போனதும் கறுப்பின் மேல் பச்சைத் துண்டுகளை அடுக்கி, நிறமற்ற கண்ணாடியை வைத்து மூடினாள். ஒழுங்காகத்தான் செய்தாள். சூளையை அவசரப்படாமல் ஆறவிட்டாள்.

வாரக் கடைசியில் வந்தவன் பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தியா, எப்படி ஒட்டியிருக்கு! அன்னைக்கு நீதான் எங்கயோ இடிச்சிருக்கே."

"இருக்கும்," என்றாள்.

அட்டைப்பெட்டியில் பஞ்சின் மேல் வைத்து மூடிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போடும்போது மெல்லிதாக டிக்கென்றது.

"கொக்கி நல்லா விழுந்திருச்சு," என்று பையைத் தட்டிக்கொண்டே படியிறங்கினான்.

அந்தப் பெட்டிக்குக் கொக்கி கிடையாது.