அஞ்சாவது பலவீனம்

“செவப்பு பட்டன அமுக்கணும்ணே. சரி, உனக்கெங்க தெரியப்போவுது. நடுவுல வட்டமா இருக்கும் பாரு, அத அமுக்கு.”

கொளஞ்சிநாதன் தம்பியின் செல்போனைத் தூக்கிப் பிடித்து வட்டத்தை அமுக்கினார்.

தம்பி சிவசங்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் கார். போதாததற்கு சினிமா விமர்சனம் செய்ய ஒரு யூடியூப் சேனல் வேறு. எந்தப் படமானாலும் அஞ்சு பலம், அஞ்சு பலவீனம். படம் நன்றாக வந்து தொலைத்தால்கூட அஞ்சு குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டான்.

அண்ணன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை வழித்துப் போடுகிற வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரே ஒரு வேலை என்று வந்தபோது முதலில் அண்ணன் பேரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். மெடிக்கலில் புள்ளி புள்ளியாய் நம்பர் போட்ட புத்தகத்தைக் காட்டினார்கள். ஒரு நம்பரையும் அவர் சரியாகச் சொல்லவில்லை. சிவப்பு, பச்சை தெரியாத கண் என்று எழுதிவிட்டார்கள். வேலை தம்பிக்கு வந்தது.

அன்றிலிருந்து பதினாறு வருஷமாக அண்ணன் கண் இந்த வீட்டில் ஒரு தமாஷ். புடவை எடுக்கப் போனால்கூட, “அண்ணனக் கூப்புடாதீங்க, பச்ச கேட்டா செவப்ப எடுத்துக்கினு வருவாரு” என்பான் சிவசங்கர். பிள்ளைகள் சிரிக்கும். அவரும் கூடவே சிரித்துவிடுவார்.

நேற்று இரண்டு பேரும் போய்ப் பார்த்தது, சாதாரணப் பையன் ஒருவன் சூப்பர் ஹீரோ ஆகிற கதை. சிவசங்கர் போனைப் பார்த்து ஆரம்பித்தான்.

“வணக்கம் மக்களே. பலம் ஒண்ணு, ஹீரோ நம்ம பக்கத்து வூட்டுப் பையன் மாதிரி இருக்கான். ரெண்டு, சக்தி வந்ததும் அத வெச்சிக்கினு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கறான் பாருங்க, செம காமெடி. அப்பறம் சண்டை, மியூசிக், வில்லி. மூணும் அருமை.”

தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

“இப்ப பலவீனம். நீளம், பாட்டு, கிராபிக்ஸ், இது மூணு. நாலாவதுதான் பெருசு, அந்த அண்ணன் கேரக்டர். குகையில இருக்கறது சக்தி குடுக்கற ஒரே ஒரு காப்பு. குடும்பத்துல ஒருத்தர்தான் போட்டுக்க முடியும். அண்ணங்காரன் பரீட்சையில வேணும்னே தோத்துட்டு, ‘நான் எப்பிடியும் பொழச்சிக்குவேன், நீ போ’ன்னு தம்பிய அனுப்பறானாம். இந்தக் காலத்துல யாருங்க இப்பிடி இருக்கா? நம்ம காதுல பூ சுத்தறாங்க.”

போன் லேசாக ஆடியது.

“ஆடாம புடிண்ணே.”

“அந்த எடம் எனக்குப் புடிச்சிருந்துதுடா.”

“உனக்கு எதுதான் புடிக்காது?”

அஞ்சாவது குறை மட்டும் வரவேயில்லை. சிவசங்கர் தலையைச் சொறிந்தான், கூரையைப் பார்த்தான். தம்பி திணறினால் அண்ணனுக்குப் பொறுக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

“ஒண்ணு கவனிச்சியா? குகைக்குள்ள போறப்ப ஹீரோ கையில பச்சக் கயிறு. வெளிய வர்றப்ப செவப்புக் கயிறு. மாத்திக் கட்டிட்டாங்க போல.”

“அட, இது போதும்ணே.” அதையும் சொல்லி முடித்து வீடியோவை ஏற்றிவிட்டான். அண்ணன் செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாப்பிட உட்காருவதற்குள் பத்துப் பதினைந்து கமென்ட். எல்லாம் அந்தக் கயிற்றைப் பற்றித்தான். ‘உங்களுக்குக் கழுகுக் கண்ணு சார்’ என்று ஒருத்தர் போட்டிருந்தார். பெருமையாக மனைவி சத்யப்பிரியாவிடம் காட்டினான்.

“எந்தக் கயிறு?”

“பச்சையா இருந்தது செவப்பா மாறிடுது. அண்ணந்தான் சொன்னாரு.”

குழம்புக் கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள். “பெரிய மாமாவா சொன்னாரு?”

சோறு பிசைந்த சிவசங்கரின் கை நின்றுபோனது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மூணு மாசமாக வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தான். மெடிக்கல் முடிந்து வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணு சரியில்லன்னுட்டாங்கடா. நான் எப்பிடியும் பொழச்சிக்குவேன், நீ போ” என்றார். அதே வார்த்தையைத்தான் இன்று ஊருக்கே நையாண்டி செய்திருக்கிறான். அதுவும் அவர் கையிலேயே போனைக் கொடுத்து. சிவசங்கருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கையைக் கழுவினானோ இல்லையோ, வண்டியை எடுத்துக்கொண்டு சுரங்க வாசலுக்குப் பறந்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் நிற்கிற வேப்பமரத்தடியில் அண்ணன் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார்.

“அண்ணே, அந்தக் கயிறு...”

அவ்வளவுதான் கேட்க முடிந்தது. கொளஞ்சிநாதன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட் வாரைத் தடவினார்.

“அந்த வீடியோவ எடுத்துடறேண்ணே. பதினாறு வருஷமா உன்ன என்னென்னவோ பேசிட்டேன்.”

“அழுவாதடா, ஆளுங்க பாக்கறாங்க பாரு. அதெல்லாம் எடுக்க வாணாம்.” அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். “அஞ்சாவத மட்டும் மாத்திடு. கயிறெல்லாம் ஒரு கொறையா? கடைசியில அந்த அண்ணங்காரன், ‘உனக்காவத்தான் தோத்தேன்’னு தம்பிகிட்ட வாய் வுட்டுச் சொல்லிடறான் பாரு, அதாண்டா படத்துக்குப் பலவீனம்.”