இழுத்தால் அவிழும் முடிச்சு

கார் என்ஜின் நன்றாக ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூட்டோடு தண்ணீர் அடித்தால் இரும்பு விரிசல் விடும்.

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். பியூஸ் பெட்டிக்கும் மற்ற மின்சாமான்களுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்த வாரால் கட்டினேன். நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சு.

இது பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனின் கைமுறை. அவர் இடதுகைக்காரர், அவர் முடிச்சில் நுனி இடப்பக்கம் தொங்கும், என்னுடையதில் வலப்பக்கம். கோணக்கை முடிச்சு என்று கேலி செய்வேன்.

நாளை விடியற்காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வரப்போவதில்லை. அவளுடைய துணிகள் ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, மழைச் சேறு போக வண்டி கழுவுகிறேன் என்பது மட்டும்.

அவருக்கு பானெட்டைத் திறக்கக்கூட வராது. ஆனால் கொஞ்ச நாளாக நான் வண்டியில் எங்கே போனாலும் மூக்கில் வேர்த்துவிடும். மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டில் உட்கார்ந்திருந்தால், சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே அந்தத் தெருவின் பெயரைச் சொல்வார். எதிர்வீட்டு அக்காதான் போட்டுக்கொடுக்கிறாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

அண்ணனிடம் அழுதபோது அவர் சொன்னார்.

“நீ எப்ப வேணா கெளம்பி வாம்மா. போன்கூட பண்ண வேணாம், நீ கெளம்பினாலே எனக்குத் தெரிஞ்சிடும்.”

கூடப்பிறந்த பாசம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணெய்ப் பிசுக்கில் சோப்பு நீரைத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, குழாயை மெல்லத் திறந்து அலசினேன். அடுத்தது அடிப்பாகம். முன்சக்கரங்களை முதலிலேயே இரும்புச் சரிவுகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனுக்கு ஆயுசு கெட்டி இல்லை.

மல்லாந்து படுத்துச் சேற்றைச் சுரண்டினேன். மூக்குக்குச் சற்று மேலே மொத்த வண்டியும் இருந்தது.

குறுக்குச் சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அங்கே நான் எதையும் கட்டவில்லை.

யோசிக்காமல் நுனியை இழுத்தேன், அவிழ்ந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வண்டி எங்கே போகிறது என்று போனுக்குச் சொல்லும் சாதனம்.

எதிர்வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு மூளையா என்று அடுத்து.

அப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தேன். ட்யூப் வார். நான் இழுப்பதற்கு முன் நுனி இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் பிரேக் பார்க்கிறேன் என்று வந்த அண்ணன் இங்கேதான் படுத்திருந்தார். வீட்டுக்காரர் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு நான் எந்த வீட்டுக்குப் போவேன்.

வீட்டுக்காரரின் செருப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“உங்கண்ணன் லைன்ல இருக்காரு. குடுக்கட்டுமா?”

கை ஈரமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றேன். செருப்பு நகரவில்லை.

பையை மறுபடி சுற்றி வாரைக் கட்டினேன். பழக்கதோஷம், நுனி வலப்பக்கமே விழுந்தது. அதை அவிழ்த்துவிட்டு, இடது கையால் போட ஆரம்பித்தேன்.