மெலிசான நரம்பு

லோகேஸ்வரிக்குக் கை நரம்புச் சோதனை முடிவு மோசமாக வர வேண்டும்.

வந்தால் இந்த வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். செலாயாங் பாசார் மீன் சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் பிரிக்கும் வேலையை விட்டுவிடலாம். நன்றாக வந்தால் நாளைக்கும் அதே ஐஸ் பெட்டி.

"கை சில்லுன்னு இருந்தா நரம்புல கரண்டு மெதுவாதான் ஓடுமாம் லா. இதே சோதனைக்குப் போனப்ப அதுக்கு என்னையத் திட்டுனாங்க," என்று கூட வேலை செய்யும் மலர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அதனால் ஆஸ்பத்திரி கேண்டீனில் ஐஸ் போட்ட மைலோ பானம் இரண்டு பிளாஸ்டிக் பை வாங்கி, குடிக்காமல், கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி காத்திருந்தாள். பெயர் கூப்பிட்டதும் இரண்டையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். மனதுக்குள் முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

சோதனை எடுக்கும் நுஃமான் அவள் விரல்களைத் தொட்டதும் நிமிர்ந்தான்.

"என்ன ஆன்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேர்ந்து நேரா வர்றீங்களா?"

"ஏர்கான், தம்பி."

வெளியே நாற்காலிகளில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். அவன் இன்னும் மதியம் சாப்பிடவில்லை. ஆனாலும் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, அவள் கைகளைப் பதமாக எடுத்து அதில் வைத்தான்.

லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கை சூடானதும் துடைத்துவிட்டான். விரலில் வளையம் மாட்டி, மணிக்கட்டில் சின்னதாக மின்சாரம் தட்டினான். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. திரையில் ஒரு கோடு எழுந்து விழுந்தது.

அடுத்த கையிலும் அப்படியே.

"நல்லா ஓடுது ஆன்டி. நார்மல்."

அவள் தலையாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க, இன்னும் முடியல. இது வேகமா ஓடுற பெரிய நரம்ப மட்டும்தான் காட்டும். வலி, எரிச்சல் எல்லாம் மெலிசான நரம்புல, மெதுவா போகும். அது இந்த மெஷின்ல விழாது. ஆளைத்தான் கேட்கணும்." அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "தண்ணியில வெச்சப்போ எப்படி இருந்துச்சு?"

"மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சுச்சு தம்பி. வீட்டுக்குப் போய் கை சூடாச்சுன்னா தினமும் அப்படித்தான். தூக்கமே இல்ல."

"இதை டாக்டர்கிட்ட நானே சொல்றேன். ஆனா அப்பவே ஏன் ஆன்டி கையை எடுக்கல?"

லோகேஸ்வரி தன் சிவந்த விரல்களைப் பார்த்தாள்.

"எடுத்தா நடிக்கிறேன்னு நினைச்சுருவீங்கன்னு."