கூண்டுக்குள் மிட்டாதார்

“சிலைய எடுக்கக் கூடாதுய்யா. எடுத்தியன்னா இந்த லாரிக்கு முன்னால படுத்துருவேன்.”

தாசில்தார் சிவசங்கரன் குடையைச் சாய்த்து அந்த அம்மாளைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். தூறலில் நனைந்தபடி, ஊரின் பழைய நிலக்கிழாரான மிட்டாதாரின் சிலையைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிக் கூண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரு வே இது?”

“ஆறுமுகத்தாய். அக்கரைக்காரி” என்றான் முப்பிடாதி. சிலையை எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன் அவன்தான். “போன வருசக் கலவரத்துல சிலையோட தலைய உடைக்க வந்தாங்கன்னு கூண்டு போட்டியள்லா, அன்னையிலேருந்து தெனமும் ஆத்தைத் தாண்டி வந்து பார்த்துட்டுப் போவுது. ஏ பெரியம்மா, கும்பிடுததுக்கு உனக்கு வேற சாமியே கிடைக்கலையா?”

அவள் கம்பியை விடவில்லை.

“பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவருப்பா. அதையும் நினைச்சுப் பாரு” என்றார் தாசில்தார்.

“கூடுதல் கூலி கேட்ட மூணு பேரை ஆத்துல அமுக்கிக் கொன்னவரும் இவருதான? பிள்ளைங்க தெனமும் இந்த மூஞ்சிய தாண்டித்தான் படிக்கப் போவணுமா? பஸ்ஸுல, மாவட்டத்துல இருந்த தலைவருங்க பேரையே அரசாங்கம் எடுத்துட்டு. இவரு என்ன பெரிய கொம்பா?”

“கோர்ட்டே விடுதலை பண்ணிட்டுல்லா?”

“சாட்சி சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. அதான் பண்ணிட்டு.” முப்பிடாதி காறித் துப்பினான்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. துருப்பிடித்த கம்பிகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் சிலையின் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஏட்டு சாவியோடு வந்தார். ஆறுமுகத்தாய் ஓடிப்போய்ப் பூட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“கைய எடு, அம்மா.”

“மாட்டேன்.”

அவள் மழையில் நனைந்து நிற்பதைப் பார்த்ததும் தாசில்தாருக்கு மனம் இளகிவிட்டது. கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

“பயப்படாதீங்கம்மா. உடைச்சு ஆத்துல போடப் போறதில்ல. அவரு பேரன் பங்களாவுக்குத்தான் கொண்டு போறோம். அங்கன பூந்தோட்டத்துக்கு நடுவுல, மாமரத்து நிழல்ல வைக்கப் போறாங்க. கூண்டு கீண்டு ஒண்ணும் கிடையாது. சுதந்திரமா நிப்பாரு.”

பூட்டைப் பிடித்த கை இன்னும் இறுகியது.

“அதான்யா வேண்டாங்கேன்” என்றாள். “அந்த மூணு பேருல ஒருத்தரு எம் புருசன். கோர்ட்டு இவனை ஒரு நாள்கூட உள்ள வைக்கல. இப்பதான்யா கம்பிக்குள்ள நிக்கான். நான் சாவுற வரைக்குமாவது இவனை வெளிய விட்டுராதீயய்யா...”