தாய்மாமன் சீர்

"உள்ளே கருகிப் போச்சு மாமா. இனிமே இது எந்தக் கம்ப்யூட்டரோடயும் சேராது."

தார்மேன் அந்தச் சின்ன பிளேயரை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஓரின்பாய் அண்ணனின் முகம் தொங்கிப் போனது. என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் ஸ்டேஷனில் தண்டவாளம் சரிபார்க்கிற வேலை. தோளில் சுத்தியலோடு தினமும் பதினாறு கிலோமீட்டர் நடப்பார். அந்த நடைக்கு ஒரே துணை இந்தப் பிளேயர்தான். எங்கள் ஊர்த் தந்தி வாத்தியமான தோம்ப்ராவில் வாசித்த பாட்டு முந்நூறு வைத்திருந்தார். புதுப் பாட்டு ஏற்ற என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் வருவார். ஒரு வாரமாக, செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எல்லா ஓட்டையிலயும் செருகிப் பாத்தாச்சு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டாச்சு. பிளேயர்ல அந்தப் பொடி ஓட்டைக்குள்ள ஊசி விட்டு அமுக்கியும் பாத்தாச்சு," என்றேன். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவளுக்கு இவ்வளவு தெரிந்ததே பெரிது.

அண்ணனின் தங்கை மகன் தார்மேன், தாராஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவன், காலை ரயிலில் வந்திருந்தான். வேலை முடிந்து வந்த அண்ணன், அவனை ஒரு வாய் டீ குடிக்க விடாமல் இங்கே இழுத்து வந்திருந்தார்.

"பாட்டு பாடுதுல்ல, அது போதும்." அண்ணன் பிளேயரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "இருக்கறதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கறேன்."

"மாமா, அது எனக்கு வேணும்."

எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டித் தட்டோடு வந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் தங்கை மகன் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் தாய்மாமன் மறுக்கக் கூடாது. மூன்று முறை அவனுக்கு அந்த உரிமை உண்டு. குதிரை கேட்பார்கள், துப்பாக்கி கேட்பார்கள். கெட்டுப்போன பிளேயரை எவன் கேட்பான்?

"டேய், கொட்டில்ல ஆடு நிக்குது. நல்ல கிடாயா ஒண்ணு பிடிச்சுக்கோடா," அண்ணன் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"ஆட்டை ஹாஸ்டல்ல எங்க கட்டுவேன்? இதுதான் வேணும்."

"வீணாப் போனதை வெச்சு என்ன பண்ணப் போற?"

"உள்ள இருக்கற சாமான் உதவும்."

அண்ணன் பிளேயரை வெளியே எடுத்தார். காதில் மாட்டுகிற ஒயரை அதன்மேல் ஒழுங்காகச் சுற்றினார். கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் நீட்டினார்.

"உனக்கு இல்லாததா. நல்லா இரு."

அவன் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

அந்த வாரம் முழுக்க அண்ணனின் மனைவி குல்யாஷ் வேலியோரம் நின்று புலம்பினாள்.

"தூக்கி வளர்த்த மாமன்கிட்டயே பிடுங்கிக்கிட்டுப் போயிட்டானே. அவரு வெறுங்காதோட வேலைக்குப் போறதைப் பாக்க முடியல, ரௌஷன்."

அடுத்த சனிக்கிழமை, ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கத் தாராஸ் போயிருந்தேன். கல்லூரிக்கு எதிரே இருக்கிற கம்ப்யூட்டர் கடையில் நுழைந்தால், மூலையில் தார்மேன். அவன் முன்னால் அதே பிளேயர். கம்ப்யூட்டரோடு ஜோராகச் சேர்ந்திருந்தது. திரையில் பாட்டுகளின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"கருகிப் போச்சுன்னு சொன்னியே, இது என்ன?"

பதறி எழுந்தான். "கம்ப்யூட்டர்ல செருகற ஒயர்தான் கோளாறு அக்கா. பழசு அறுந்துபோயி மாமா சந்தையில புதுசு வாங்கியிருக்காரு. அது சார்ஜ் மட்டும் ஏத்துற ஒயர். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சே பொய் சொல்லிப் பிடுங்கினியா? அந்த மனுஷன் உனக்கு என்னடா குறை வெச்சாரு?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென் டிரைவைக் காட்டினான்.

"பாட்டெல்லாம் இதுல ஏத்துறேன். அத்தையோட சமையலறை ரேடியோவுல இதைச் செருகலாம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுவேன். வீட்டுல உக்காந்து எவ்வளவு வேணாலும் கேக்கட்டும்."

"அதுக்குப் பிளேயரையே திருப்பிக் குடுக்கறதுதானே?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கு நான் வந்த ரயில் வளைவுல திரும்பும்போது ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். முன்னாடி தண்டவாளத்து நடுவுல மாமா நடந்து போயிட்டிருக்காரு. டிரைவர் நாலு தடவை ஹார்ன் அடிச்சாரு. மாமாவுக்குக் கேக்கல. காலுக்குக் கீழ அதிர்ந்த பிறகுதான் ஒதுங்கினாரு. ரயில் அவரைத் தாண்டும்போதும் காதுல ஒயரோட தலையாட்டிக்கிட்டு நிக்கறாரு அக்கா."

அந்த ரயிலுக்குத் தினமும் டிக்கெட் கொடுப்பவள் நான்.

"மேலதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேலை போயிடும்."

"அவரு புதுசா ஒண்ணு வாங்கிட்டா?"

"அதையும் கேப்பேன். இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "அட பைத்தியக்காரா, இதை அவருகிட்டயே நேராச் சொல்லித் தொலைக்கறதுதானே?"

"'காதுல மாட்டிக்கிட்டு நடக்காதீங்க'ன்னு எங்க மாமாவுக்குப் புத்தி சொல்ற வயசு எனக்கு இல்ல அக்கா. 'எனக்கு வேணும்'னு கேக்கற உரிமை மட்டும்தான் இருக்கு."