கோடு போட்ட இடம்

கடையிலிருந்து வெளியே வந்தபோது என் வேனுக்குப் பக்கத்தில், மஞ்சள் கோடு போட்ட இடத்தில், ஒரு வெள்ளை மின்சாரக் கார் நின்றுகொண்டிருந்தது.

அது சும்மா கிடக்கிற இடமல்ல. என் வேனின் பக்கவாட்டுக் கதவு திறந்து, சரிவுப் பலகை இறங்குவது அங்கேதான். அதில் ஏறித்தான் சக்கர நாற்காலியோடு நான் உள்ளே போக முடியும். அதற்காகத்தான் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

காரிலிருந்து தடித்த கேபிள் ஒன்று சார்ஜர் தூணுக்குப் போயிருந்தது. சார்ஜ் போடுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒரு டீசல் பிக்கப் நின்றது. பிக்கப்காரன் மின்சாரக்காரர்களின் இடத்தை எடுத்துக்கொண்டான். மின்சாரக்காரர் என் இடத்தை எடுத்துக்கொண்டார். நான் யார் இடத்தை எடுத்துக்கொள்வது?

அந்தக் கோடுகளுக்கு நடுவே முன்பு ஒரு இரும்புக் கம்பம் இருந்தது. போன குளிர்காலத்தில் எவனோ இடித்துச் சாய்த்தான். அதற்குப் பதிலாக நகராட்சி ஓர் ஆரஞ்சுக் கூம்பை வைத்தது. இப்போது அந்தக் கூம்பை யாரோ பத்திரமாக எடுத்து நடைபாதையில் வைத்திருந்தார்கள். அந்தப் பத்திரம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மணி இரண்டு. மூன்று மணிக்கு ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்புகிறது. அதில் என் மகள் ஹெட்டி அண்டார்டிகாவுக்குப் போகிறாள், அங்கே இருக்கும் முகாமில் குழாய் வேலை பார்க்க. குளிர்காலம் வந்துவிட்டால் போக வர வழியில்லை. இனி அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும்.

அவளுக்குப் பிடித்த அதிமதுர மிட்டாய் வாங்கலாமென்று வழியிலிருக்கும் இந்தக் கிங்ஸ்டனில் வண்டியை நிறுத்தினேன். துறைமுகம் இங்கிருந்து கால் மணி நேரம்.

கடைக்காரர்களிடம் சொல்லி, கார் எண்ணை ஒலிபெருக்கியில் வாசிக்க வைத்தேன். யாரும் வரவில்லை.

சக்கர நாற்காலி ஏற்றும் டாக்சிக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள், அதுவும் கிடைத்தால். நகராட்சிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை என்பதால் ஒரு பதிவுக் குரல்தான் பேசியது.

சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்றார். "சாவியக் குடும்மா, நான் பின்னால எடுத்துத் தர்றேன்" என்றார். கொடுத்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சீட்டையே காணோமே."

"இதுதான் சீட்டு" என்று என் நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

சாவியை என் மடியில் வைத்துவிட்டு, யாரிடமும் அகப்படாத வேகத்தில் போய்விட்டார். அவர் பின்னால் வந்த அம்மாள் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படி நிறுத்துகிறவர்கள் எல்லாருக்கும் அஞ்சு நிமிஷம்தான். அந்த அஞ்சு நிமிஷங்களையெல்லாம் கூட்டினால் என் ஆயுளில் ஒரு பங்கு தேறும்.

அந்தக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பிறகு சார்ஜர் தூணையும் சுற்றி வந்தேன். வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கையில் போனோடு ஓடி வந்தாள். முப்பது வயதிருக்கும். என்னையும் வேனையும் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"சாரிக்கா, ரொம்ப சாரி. வாடகைக் காரு, ரெண்டு பர்சென்ட்தான் இருந்துச்சு. அந்தப் பிக்கப்காரன் இடம் விடல. இதோ எடுத்துடறேன்."

நிஜமாகவே எடுக்கத்தான் பார்த்தாள். கேபிள் வரவில்லை. காரைப் பூட்டித் திறந்தாள், இழுத்தாள், ஒரு காலைக் காரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை.

தூணில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினாள். மறுமுனையில் இருந்தவர் அவசரமே இல்லாமல் சொன்னார்: "யாரோ அவசர நிறுத்தப் பட்டனை அழுத்தியிருக்காங்க மேடம். எங்க ஆள் வந்து சரிபண்ற வரைக்கும் கேபிள் வராது. நாலு மணிக்குள்ள அனுப்பி வைக்கிறோம்."

"எந்தப் பொறுக்கி பார்த்த வேல இது?" என்று பிக்கப்பின் டயரை உதைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழ வேண்டியவள் நான். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஹெட்டி கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம். கப்பலின் ஊதல் என் காதை அடைத்தது.

"அம்மா, எங்க நிக்கிற? கூட்டத்துல உன்னத் தெரியலையே. கைய ஆட்டு."

போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள்தான் வாங்கி நடந்ததைச் சொன்னாள். தன் தப்பை மறைக்காமல் சொன்னாள். "நான் திரும்பி வந்துட்டுதான் இருந்தேன். வர்ற வழியிலதான் சார்ஜ் நின்னுபோச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. எவனோ பட்டனை அழுத்தாம இருந்திருந்தா, உங்கம்மா இந்நேரம் அங்க நின்னுருப்பாங்க."

ஹெட்டிக்கு வாய் என்னுடையது. "அவன் கை வெளங்காமப் போக" என்றாள். பிறகு, "அம்மா, நீ அழாத" என்றாள்.

"அழல" என்றேன்.

கப்பல் இன்னொரு முறை ஊதியது. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இணைப்பு போய்விட்டது.

அந்தப் பெண் போனை என்னிடம் தந்துவிட்டு என் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைதான். சார்ஜ் நின்றால் கார்க்காரர் ஓடி வருவார் என்று நினைத்தேன். நினைத்தபடியே வந்தாள்.

இந்தக் கார் நிறுத்தம் முழுக்க, உட்கார்ந்திருப்பவளின் கைக்கு எட்டும் உயரத்தில் அவர்கள் வைத்திருந்தது அந்தச் சிவப்புப் பட்டன் ஒன்றைத்தான்.